கல்லோடு வந்த உயிர்

சிங்கப்பூரில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு சிராங்கூன் நார்த் அவென்யூ 1 நன்றாகத் தெரிந்த இடம். லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயில் ஏறி, சிராங்கூனில் இறங்கி, ஒரு பேருந்து பிடித்தால் போதும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் மீன் கடைகள் இருக்கின்றன. கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் மீனுக்கு முன்னால் வாங்க வேண்டியது 'லைவ் ராக்'.

லைவ் ராக் என்பது செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. பார்க்கச் சாதாரணக் கல்தான், ஆனால் உள்ளே முழுக்கத் துளைகள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்த வேலைக்காகத்தான் கல்லை வாங்குகிறோம். ஆனால் காசு கொடுக்காத பல உயிர்களும் அதோடு வந்துவிடும். சில வாரங்கள் கழித்து ஒரு நாள், கல்லின் பொந்தில் விரல் நுனியளவுகூட இல்லாத ஏதோ ஒன்று கைகளை விரித்து நிற்கும். இது என்ன? விட்டுவைக்கலாமா, பிடுங்கிவிடலாமா?

பெயரைத் தேடும் முன் கைகளை எண்ணிப் பாருங்கள். எட்டே கைகள், ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் சிறு கிளைகள் இருந்தால் அது மென்பவள வகை. தொட்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ஸீனியாவும் ஸ்டார் பாலிப்பும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். கைகள் கிளையில்லாமல் வழவழப்பாக, பெரும்பாலும் ஆறின் மடங்காக இருந்தால் அது கடல் சாமந்தி, சோவாந்திட், கடும்பவளம் ஆகியவற்றின் கூட்டம். அடியில் கெட்டியான சுண்ணாம்புக் கிண்ணம் இருந்தால் கடும்பவளம். நிழல் விழுந்த நொடியில் மொத்தமும் ஒரு குழாய்க்குள் மறைந்தால் அது பாலிப்பே (பவளம், கடல் சாமந்தி போன்றவற்றின் கைவிரித்த உடல்) அல்ல, குழாய்ப்புழு. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிப் பாருங்கள். பகலில் சுருங்கிக் கிடப்பவை அப்போதுதான் விரியும்.

லைவ் ராக்கில் அதிகம் தொற்றி வரும் பாலிப் ஐப்டேஸியா என்ற சின்னக் கடல் சாமந்தி. பழுப்புத் தண்டு, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மெல்லிய கைகள், கூர்ந்து முடியும் நுனிகள். குச்சியால் தொட்டால் பொந்துக்குள் பதுங்கும். மேலும் சீண்டினால் உடம்பிலிருந்து வெள்ளை நூல்களை வெளியே தள்ளும். அந்த நூல் நெடுகக் கொட்டும் செல்கள். பக்கத்திலிருக்கும் பவளம் அதற்குத் தாங்காது. இதைச் சுரண்டி எடுக்கிறவர்கள் தொட்டியை இன்னும் நிரப்பிவிடுகிறார்கள், கீரையைக் கிள்ளினால் தழைப்பது போல. அடித்தட்டிலிருந்து ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும். ஆகவே இதைத் தின்னும் உயிர்களை விடுகிறார்கள். பெர்கியா என்ற கடல் நத்தைக்கு இதைத் தவிர வேறு உணவே கிடையாது. சிங்கப்பூர்ப் பவளத் திட்டுகளிலேயே வாழும், நீண்ட மூக்கும் செம்பு நிறப் பட்டைகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீனும் இதைக் கொத்தும், ஆனால் எல்லா மீனும் கொத்துமென்று சொல்ல முடியாது.

வீட்டில் களையான இதே ஐப்டேஸியா ஆய்வகத்தில் போற்றி வளர்க்கப்படுகிறது. பவளத்தைப் போலவே இதுவும் உடம்புக்குள் நுண்பாசிகளை வைத்து, அவை ஒளியில் ஆக்கும் சர்க்கரையில் வாழ்கிறது. வெப்பம் கூடினால் பவளத்தைப் போலவே பாசியை இழந்து வெளுக்கிறது. பவளம் மெல்ல வளரும், எளிதில் சாகும். இதுவோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில்கூடப் பெருகும். 2015இல் இதன் முழு மரபணுத் தொகுதி வெளியானது. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பவளங்கள் வெளுத்தது ஏன், செல்லுக்குள் என்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேட இந்தச் சின்ன உயிர் உதவுகிறது.

நான் மிகவும் அஞ்சுவது சோவாந்திட்களுக்குத்தான், அவற்றிலும் பாலிதோவாவுக்கு. கல்லின்மேல் விரிப்புபோலப் படர்ந்த தசை, அதிலிருந்து எழும் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானின் விளிம்பிலும் குட்டைக் கைகள். பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிப்பவையும் உண்டு, மங்கிய பழுப்பும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2007இல் ஒருவர், தொட்டியில் வேண்டாமல் பெருகிய பழுப்புப் பாலிப்களை ஒழிக்கக் கல்லின்மேல் கொதிநீர் ஊற்றினார். ஆவியை மூச்சில் இழுத்தவருக்குச் சற்று நேரத்தில் மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது, பிறகு மருத்துவ உதவி தேவைப்பட்டது. அவருடைய தொட்டிப் பாலிப்களில் இருந்தது பாலிடாக்சின்.

ஹவாயில் மௌயி தீவின் ஹானா பகுதியில் ஒரு கடற்குட்டையின் 'நச்சுப் பாசி'யைப் பற்றி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அந்தப் பாசி உண்மையில் ஒரு பாலிதோவா. ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் அதிலிருந்து இந்தப் பாலிடாக்சினைப் பிரித்தெடுத்து 1971இல் வெளியிட்டார்கள். ஒரு மூலக்கூறில் 129 கார்பன் அணுக்கள். ஹார்வர்டில் யோஷிதோ கிஷியின் குழு அதை 1994இல் ஆய்வகத்திலேயே கட்டி முடித்தது. நம் ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்க ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. பாலிடாக்சின் அதன்மேல் உட்கார்ந்து அதைத் திறந்த ஓட்டையாக்கிவிடும். தசையும் இதயமும் தடுமாறும். மாற்று மருந்து இல்லை.

வர்ஜீனியா நிகழ்வுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற சோவாந்திட்களையும் வாங்கிச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். சிலவற்றில் நச்சு மிக அதிகம், சிலவற்றில் சுத்தமாக இல்லை. நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே பெயர் தெரியாத பொத்தான் பாலிப் எதையும் நச்சுள்ளது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை வேகவைக்காதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். சன்னலை மூடி ஏர்கான் போட்ட அடுக்குமாடி வீட்டில் அந்த ஆவிக்கு வெளியேற வழியில்லை, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கல்லோடு எடுத்து, நீர்த்த பிளீச்சில் ஊறவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

கடலில் விட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்ற வேண்டாம். இந்தோனேசியாவிலோ ஃபிஜியிலோ இருந்து வந்த கல்லில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கடும்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன, நிலமீட்பில் பெருமளவு இடத்தை இழந்த பிறகும். உயிரினங்களை அனுமதியில்லாமல் விடுவதை வனவிலங்குச் சட்டமும் தடைசெய்கிறது.

சரியான பெயர் கிடைக்குமா என்று கேட்டால், படத்தை மட்டும் வைத்துப் பல சமயம் கிடைக்காது. கடல் சாமந்தியை இனம் காண நிபுணர்கள் உடலை வெட்டித் தசை அடுக்குகளைப் பார்க்கிறார்கள், கொட்டும் செல்களை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். டாஃப்னி ஃபாட்டின் என்ற உலக நிபுணர் உள்ளூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து சிங்கப்பூரின் கடல் சாமந்திகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜேம்ஸ் ரைமரும் பீட்டர் டாடும் இங்குள்ள சோவாந்திட்களை டிஎன்ஏ கொண்டு ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகும், 2014இல், இந்தத் தீவின் கரையில் வாழ்ந்த ஒரு கடல் சாமந்தி அறிவியலுக்கே புதியது என்று தெரிந்தது. சின்பீச்சியா தெமாசெக் என்று பெயர் வைத்தார்கள். நாம் நடக்கும் கடற்கரையிலேயே இப்படியென்றால், எங்கிருந்தோ வந்த கல்லில் பெயரில்லாத ஒன்று இருப்பதில் வியப்பில்லை.

எனவே தொட்டிக்காரருக்கு நான் சொல்லும் வழி: அந்தக் கல்லைத் தனி வாளியில், பம்பும் விளக்கும் வைத்து ஒரு மாதம் வைத்திருங்கள். ஓர் அளவுகோலை அருகில் வைத்து, பகலிலும் இரவிலும் வாரம் ஒரு படம் எடுங்கள். ஒன்று நான்காகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, இறால் துணுக்கை நீட்டினால் பிடிக்கிறதா, பக்கத்து உயிரைக் கொட்டுகிறதா என்று குறித்து வையுங்கள். தொட்டிக்குள் போகலாமா கூடாதா என்பதற்கு இனப்பெயரைவிட இந்தக் குறிப்புதான் உதவும். கடைக்காரரிடமோ ஆய்வாளரிடமோ காட்டும்போது அவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்.