குடலிறக்கமும் வேரிகோசீலும்: ஒரே பாதையில் இரு தொல்லைகள்

விதைப்பையில் தோன்றும் வீக்கத்தைப் பற்றிப் பேச ஆண்கள் பலர் கூசுகின்றனர். ‘விரைவீக்கம்’ என்று பொதுப்பெயரிட்டு, மனைவியிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைப்போரும் உண்டு. அந்த ஒரு பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் கவட்டைக் குடலிறக்கமும், விதைப்பைச் சிரைகள் புடைத்துச் சுருளும் வேரிகோசீலும் ஒன்றென எண்ணிக் குழம்புவதற்கு இடம் தருபவை.

இக்குழப்பத்திற்கு உடலமைப்பே காரணம். அடிவயிறும் தொடையும் சேருமிடத்தில் உள்ள குறுகிய பாதை வழியாகவே விந்துக்குழாயும் விதைக்குரிய இரத்தக்குழாய்களும் செல்கின்றன. அங்குள்ள தசைச்சுவர் தளர்ந்து, குடலின் ஒரு பகுதியோ கொழுப்போ பிதுங்கினால் அது குடலிறக்கம். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டு செல்லும் சிரைகளின் வால்வுகள் பழுதுபட்டு இரத்தம் தேங்கினால் அது வேரிகோசீல். ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு இது காணப்படுகிறது. இடப்பக்கச் சிரை நீளமானது. சிறுநீரகச் சிரையில் செங்கோணமாகச் சேர்வது. ஆதலால் பெரும்பாலும் இடப்பக்கமே பாதிக்கப்படுகிறது. குடலிறக்கமோ வலப்பக்கத்தில் மிகுதி.

ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் ஒருவருக்கே இரண்டும் இருக்கக்கூடும். நிற்கும்போதும் முக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் கூடுவதால் இரண்டும் பெரிதாகத் தெரியும், படுத்தால் குறையும். ஆகவே ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்று இல்லையென முடிவு செய்தல் ஆகாது. மருத்துவர் நிற்கவைத்தும் படுக்கவைத்தும், இருமச் சொல்லியும் சோதிப்பது இதற்காகவே. ஐயம் எஞ்சினால் டாப்ளர் ஸ்கேன் தெளிவுபடுத்தும்.

சிகிச்சை முறைகள் வேறானவை. குடலிறக்கத்தை மருந்தோ பெல்ட்டோ குணப்படுத்தாது. அறுவைச் சிகிச்சையே தீர்வு. தொல்லை தராத சிறு குடலிறக்கத்தை மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் வைக்கலாம். வேரிகோசீல் உள்ள பலருக்குச் சிகிச்சையே வேண்டுவதில்லை. ஓயாத வலி, விதை சிறுத்தல், விந்தணுக் குறைவால் குழந்தைப்பேறு தாமதமாதல் ஆகியவை இருப்பின் சிகிச்சை பரிசீலிக்கப்படும். விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆவதால், பலன் தெரிய மூன்று மாதங்களேனும் பொறுத்திருக்க வேண்டும். இரு அறுவைகளும் ஒரே இடத்தை ஒட்டி நிகழக்கூடியவை. முன்னர் அங்கு அறுவை செய்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்:

• குடலிறக்கம் உள்ளே செல்லாமல் இறுகிக் கடுமையாக வலித்தல், வாந்தி எடுத்தல்
• விதையில் திடீரெனக் கடும் வலி. இதில் முதல் ஆறு மணி நேரம் மிக முக்கியம்

வலப்பக்கம் மட்டும் புதிதாகச் சிரைகள் புடைத்தாலோ, படுத்தும் அவை சுருங்காவிட்டாலோ வயிற்று ஸ்கேன் தேவைப்படலாம். சிறுநீரகக் கட்டி போன்ற காரணங்கள் அரிதாக இருக்கக்கூடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலுள்ள ஆண் நடக்கவோ பளு தூக்கவோ தயங்குவதைக் கண்டால் பரிவுடன் கேளுங்கள். கூச்சத்தால் அவர் அடக்கிய சொல், உங்கள் கேள்வியால் வெளிவரலாம்.