ஆலயச் சுவரைக் கழுவ முன்னர்

திருநாள் நெருங்குகின்றது என்றால் எமது கிராமங்களில் முதலில் கண்ணிற் படுவது ஆலயத்தின் வெளிச்சுவர்தான். மாரி முடிந்த கையோடு சுவரின் தலைப்பகுதி கறுத்துப் போயிருக்கும். நிலத்தோடு ஒட்டிய இடம் பச்சை பிடித்திருக்கும். பங்குச்சபை கூடும். இளைஞர்கள் சிரமதானத்துக்கு நாள் குறிப்பார்கள். ஒருவர் பட்டணத்திலிருந்து உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வருவதாகச் சொல்வார். இன்னொருவர், "ரெண்டு கான் அசிட் போதும், ஒரு நாளிலை வேலை முடிஞ்சிடும்" என்பார். இது என்ன சுவர், இதிலுள்ளது என்ன அழுக்கு என்ற கேள்வியை மட்டும் அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை.

தீவகத்தில் ஒரு சிற்றாலயத்துக்கு நாம் சென்றிருந்தபோது இக்கேள்வியைக் கேட்காததன் விலையைக் கண்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருநாளுக்காக அதன் முகப்பை அசிட் விட்டுக் கழுவியிருந்தார்கள். அன்று சுவர் பால் போல் வெளுத்ததாம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாரியிலேயே பூச்சு மணலாய் உதிரத் தொடங்கியது. வாசலுக்கு மேலிருந்த பூவேலை வரிகள் மழுங்கிவிட்டன. அவ்வூர் முதிய மேசன் ஒருவர் சுவரைக் கையால் தடவிக் காட்டி, "அழுக்குப் போகேல்லைத் தம்பி, சுவர்தான் போயிட்டுது" என்றார். முன்பள்ளிக்குக் கூரை போடச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி முகப்பைத் திருத்தவே செலவாயிற்று. பிள்ளைகள் இன்னமும் மரநிழலில் இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். எமது பழைய ஆலயங்களும் பாடசாலைகளும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலோ முருகைக் கல்லாலோ கட்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்தினால் பூசப்பட்டவை. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் முருகைக் கல்லைக் காணலாம். இவை யாவும் அடிப்படையில் கல்சியம் காபனேற்று. அதில் ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். அழுக்குக் கரைவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கரைவது சுவர். அதோடும் முடிவதில்லை. இத்தாக்கத்தால் உண்டாகும் கல்சியம் குளோரைட்டு என்ற உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. அது சுவருக்குள் தங்கிவிட்டால் சுவர் என்றும் ஈரமாயிருக்கும். முன்னரிலும் விரைவாகப் பாசி பிடிக்கும்.

சுவரையும் அழுக்கையும் அறிதல்

சுவர் சுண்ணாம்பா சீமெந்தா என்றறிய, மறைவான ஓரிடத்தில் ஒரு ஆணியால் மெல்லக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு இலகுவில் வெண்தூளாய் உதிரும். சீமெந்து சாம்பல் நிறமாய் இறுகி நிற்கும். பல ஆலயங்களில் இரண்டும் கலந்தே உள்ளன. போர்க்காலத்தில் ஷெல் பட்ட இடங்களைக் கிடைத்த சீமெந்தைக் கொண்டு அடைத்தார்கள். அவசரத்துக்கு அதைவிட வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்த ஒட்டுக்களைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புக்கள் இருக்கும். அழுத்த இயந்திரத்தின் தண்ணீர் அவற்றினூடாகச் சுவரின் வயிற்றுக்குள் போய்விடும். தளர்ந்த பூச்சையும் அது தகடு தகடாய்ப் பெயர்த்தெறியும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்கு இந்த இயந்திரம் வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். நல்ல நிலையிலுள்ள சீமெந்துச் சுவருக்கும் குறைந்த அழுத்தத்தில், விசிறி போல் விரியும் முனையைப் பூட்டி, சற்று எட்ட நின்றே பிடிக்க வேண்டும்.

அடுத்து அழுக்கு. கறுப்பாகத் தெரிவது புகையோ தூசியோ அல்ல; பெரும்பாலும் அது உயிருள்ள பாசியும் பூஞ்சணமுமே. ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே அது வளரும். எனவே வாளியைத் தூக்க முன்னர் அண்ணாந்து பாருங்கள். பீலி உடைந்து ஒழுகுகின்றதா? கூரை ஓரம் போதிய அளவு வெளியே நீளவில்லையா? வேப்பங்கிளை சுவரில் உரசுகின்றதா? அடியில் ஓரிரு அடி உயரத்துக்குப் பச்சை என்றால், கூரைத் தண்ணீர் நிலத்தில் விழுந்து தெறிக்கின்றது என்பது பொருள். அவ்விடத்தில் சிறு கல் பரவி, தண்ணீர் வடிந்தோட வழி செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இவற்றைத் திருத்தாமற் கழுவினால் அடுத்த திருநாளுக்கும் அதே சிரமதானந்தான்.

வெள்ளைத் தூள் போலப் பூத்திருந்தால் அது பாசியன்று, உப்பு. கரையோர ஊர்களில் இது சாதாரணம். இதற்குத் தண்ணீர் விடவே கூடாது. விட்டால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள் போகும். காயும்போது பளிங்காகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். வெயில் நாளில், சுவர் நன்கு காய்ந்திருக்கையில், மெல்லிய தூரிகையால் உலர்வாகத் தட்டி, விழும் தூளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

மெல்லியதில் தொடங்குதல்

பாசிக்கு முதலில் தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் போதுமா என்று பாருங்கள். ஆலயத்தின் பின்புறத்தில் ஒரு முழச் சதுரத்தை நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். காய்ந்தபின் அடுத்த நாள் வந்து பாருங்கள். ஈரத்தில் எல்லாச் சுவரும் ஒரே நிறமாய்த்தான் தோன்றும். அன்றே முடிவெடுப்பது தவறு. பூச்சுக் கையோடு வருமானால் அங்கேயே நிறுத்துங்கள். போதாவிட்டால் மென்மையான சவர்க்காரத்தைச் சிறிதளவு கலந்து பார்க்கலாம். கம்பித் தூரிகை எந்தச் சுவருக்கும் ஆகாது. அதன் துணுக்குகள் பூச்சில் ஒட்டிக்கொண்டு, பின்னர் துருவாகி ஒழுகும்.

சீமெந்துச் சுவரில் பிடிவாதமான பாசி இருந்தால் வெளுக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம்: ஒரு பங்கு திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர். கால் மணித்தியாலத்துக்குப் பின் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இதனையும் அசிட்டையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுவரில் ஊற்றினாலும் ஆபத்துத்தான். எழுவது குளோரின் வாயு. அது சுவாசப்பையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது.

கழுவிய தண்ணீர் எங்கே போகின்றது என்பதையும் கேட்டேயாக வேண்டும். குடாநாட்டில் எமது குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்கியிருக்கும் மழைநீரே. மேலே சிந்துவது அதிகம் வடிகட்டப்படாமலே கீழே போய்ச் சேரும். ஆலய வளவில் அநேகமாக ஒரு கிணறு இருக்கும். அறைவீட்டுக்கும் அயலுக்கும் அதுதான் தண்ணீர். சுவருக்கு ஊற்றும் எதனையும் அதே கிணற்றிலிருந்து குடிக்க வேண்டி வரலாம்.

சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிரமதானத்தில் உற்சாகம் அதிகம், கயிறு குறைவு. ஈரமான பலகையில் வெறுங்காலோடு பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். உயரமான பகுதியைத் தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

இனிச் சுண்ணாம்பு. சுத்தம் செய்த பழைய சுவருக்குப் பிளாஸ்ரிக் கலந்த பெயின்ற் பூசினால் உள்ளீரம் வெளியேற முடியாமற் கொப்பளித்து உரியும். வெள்ளையடித்தலே அதற்குப் பொருந்தும். நீறிய சுண்ணாம்பைப் பல நாட்கள் ஊறவிட்டு, வடித்து, பால் பதத்தில் எடுக்க வேண்டும். சுவரை முதலில் நனைத்து, வெயில் தணிந்த நேரத்தில் மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுங்கள். பூசும்போது நிறம் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். பொறுமையற்றவர்கள் தடிப்பாகப் பூசி, பின்னர் செதிலாய்க் கழன்றது என்று சுண்ணாம்பைக் குறை சொல்வதுண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மையால் பாசியும் எளிதில் அண்டாது. கண்ணிற் பட்டால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின் கரையோர வலயத்தில் முருகைக் கல் அகழ்வது தடைசெய்யப்பட்டுள்ளது. அது நல்ல சட்டமே. ஆனால் எமது முன்னோர் கட்டிய சுவர் பழுதானால் அதே கல் இனிக் கிடையாது என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.

நாம் மேலே குறிப்பிட்ட சிற்றாலயத்தில் இம்முறை முகப்பைக் கழுவவில்லை. பீலியை மாற்றினார்கள், கிளைகளை வெட்டினார்கள். பக்கச் சுவர்களைப் பொச்சினால் தேய்த்து, ஒரு மாதம் காயவிட்டு வெள்ளையடித்தார்கள். முகப்பு வாசலுக்கு மேலே இன்னமும் கொஞ்சம் கறுப்புத்தான். அந்த முதிய மேசனிடம் இப்போது இரண்டு இளைஞர்கள் மாலை வேளைகளில் சுண்ணாம்புச் சாந்து குழைக்கப் பழகுகிறார்கள். வாசலின் பூவேலையை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.