மூன்றாவது ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை போனால், ஆயுள் முடிந்தது என்று விட்டுவிடலாம். இரண்டு வருஷத்துக்குள் அடுத்ததும் போனால், டிஸ்க்கை விட்டுவிட்டு அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும். தறி ஓட்டும் பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாவு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் தறிக்காரர் நூலைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்; அச்சையும் விழுதையும் பார்ப்பார்.

என் முதல் சந்தேகம் எப்போதும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கேபினெட்டோடு இலவசமாக வந்த அந்தப் பெட்டியை யாரும் மாற்றுவதே இல்லை. டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட், சர்க்யூட்டுக்கு 5 வோல்ட் அதிலிருந்துதான் போகிறது. சுழலத் தொடங்கும் சில நொடிகளில் டிஸ்க் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். உள்ளே கெப்பாசிட்டர் தலை உப்பிப்போயிருந்தால் அந்த இழுப்பைத் தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் சரிந்தால், படித்து எழுதும் ஹெட் பாதி வேலையில் பின்வாங்கி ஓடும். மல்டிமீட்டர் இருந்தால், சும்மா தொங்கும் நான்கு துளை கனெக்டரில் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வைத்து, பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டே பாருங்கள். 11.4-க்குக் கீழேயோ 12.6-க்கு மேலேயோ போகக்கூடாது. சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25 வரை. அளவு சரியாகக் காட்டினாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். கண நேரச் சரிவை மல்டிமீட்டர் பிடிக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

தறி மோட்டார் கிளம்பும்போது டியூப்லைட் மங்குகிறதா? கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? முதலாவது லைனில் வோல்டேஜ் இறங்குவதைக் காட்டுகிறது. கம்ப்யூட்டருக்கென்று யுபிஎஸ் வையுங்கள். இரண்டாவது, எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது அதிர்வு. தறி ஓடும் ஊரில் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியை நினைத்துப் பாருங்கள். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரெண்டன் கிரெக் என்பவர் டிஸ்க் அடுக்கின் முன் நின்று வாய்விட்டுக் கத்தினார். டிஸ்க்குகளின் வேகம் தடுமாறியது திரையில் அப்படியே தெரிந்தது. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகைக்காக வாயுவைத் திறந்துவிட்டார்கள். அது பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி வங்கிச் சேவை மணிக்கணக்கில் நின்றது. நம் வீட்டில் தறி ஓடும் சுவரில் அடித்த பலகை மேல் கேபினெட்டை வைத்தால், நாடா அடிக்கும் ஒவ்வொரு அடியும் அதற்குப் போகும். ஒரே நாளில் டிஸ்க் செத்துவிடாது. ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஆயுள் குறையலாம். வேறு அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவரை விட்டுத் தள்ளி, தடித்த ரப்பர் மேல் வையுங்கள். டிஸ்க்குக்கு நான்கு ஸ்க்ரூவும் இருக்கட்டும்.

டிஸ்க்கே என்ன சொல்கிறது என்று கேட்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05, சி5 (C5) என்ற வரிகளின் எண்கள் ஏறினால் தட்டிலேயே காயம். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நலம். பழுது சாட்டா கேபிளில், அதன் விலை சொற்பம். சி0 ஏறினால் பல டிஸ்க்குகளில் கரண்ட் திடீரென்று போனதன் கணக்கு அது. மேலே பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்கள். புதிதென்று வாங்கியதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தால், அது எங்கோ ஓடித் தேய்ந்த பழைய சரக்கு. பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள்.

சூட்டைத்தான் எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். ஆனால் கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து, சூட்டுக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பில்லை என்று கண்டது. பஞ்சுத்தூசி டிஸ்க்குக்குள் எளிதில் புகாது. எஸ்எம்பிஎஸ் விசிறியைத்தான் அடைக்கும். அதற்காகவே அடிக்கடி தூசி தட்டுங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டால் அதிர்வுத் தொல்லை தீரும், ஆனால் கெட்ட எஸ்எம்பிஎஸ் அதையும் எரிக்கும்.

கூகுளின் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அந்த ஆய்வு முக்கியமாகக் கருதிய நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றுகூட முன்கூட்டி எச்சரிக்கவில்லை. ஆகவே கூலிக்கணக்கு, சேலை டிசைன், கல்யாண போட்டோ எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வேண்டும். அது வேறு வீட்டில் இருந்தால் நல்லது. டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தால், இன்னொருமுறை ஆன் செய்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.