போடியின் பல மொழிகளும் ஒரு கொரியப் பாடமும்

அன்று தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இன்னொரு மொழி பேச யாரும் தனி வகுப்புக்குப் போனதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசியவர்கள் பள்ளியில் தமிழ் படித்தார்கள். போடிமெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு மலையாளம் தானாகப் பழகியது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோட்டங்கள் கேரளத்திலும் போடிச் சந்தை இன்றைய தமிழ்நாட்டிலுமாக நின்றன. பேச்சுவழக்கு எல்லை பார்க்கவில்லை. புதுமொழி வந்தபோது சொந்த மொழியை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்றும் விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் பேச்சும் கலந்துவிட்டது. கூடவே பிள்ளைகளின் கைப்பேசியில் கொரியத் தொடர்கள் ஓடுகின்றன. 2021-இல் வந்த 'ஸ்க்விட் கேம்' தமிழ்க் குரலிலேயே கிடைத்தது. சென்னைப் பக்கம் 1998-இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியபின் கொரியம் பிழைப்புக்கும் உதவும் மொழியாயிற்று. 2006-இல் தொடங்கிய இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ அங்கே அதைக் கற்பிக்கிறது.

ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கொரியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. இது வீண் சுற்று. 'சோனுன் ஹான்குகொருல் பேவோயோ' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'நான் கொரிய மொழியைக் கத்துக்கிறேங்க' என்று அதே வரிசையில் தமிழில் வந்துவிடுகிறது. 'ருல்' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. கடைசி 'யோ' நம் 'ங்க' போலக் கேட்பவருக்குத் தரும் மரியாதை. 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவர் கருத்தை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. அமைப்பில் உள்ள ஒற்றுமையோ வகுப்புக்குக் கைமுதல்.

வாக்கியத்தைப் போலவே வாழ்க்கையும் பாடத்துக்குள் வரவேண்டும். குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் கிம்ச்சி என்னும் கொரிய ஊறுகாய் போடும் கிம்ஜாங் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்தப் பாடம் முடிந்ததும் போடி மாணவி தன் அம்மா விளைந்த ஏலக்காயாகப் பார்த்து எடுப்பதையும், அது 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் உலர்வதையும் கொரியத்தில் சொல்லட்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை தன் வீட்டுக் கதையைச் சொல்லட்டும். தமிழ் வழியே கொரியம் சொல்லித்தரும் பாடநூலும் ஆசிரியரும் அதற்கு வேண்டும். அரசும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் முடியும். தன் மொழி வழியே கொரியம் கற்கும் உரிமை போடிப் பிள்ளைக்கு உண்டு.