ரத்த ரிப்போர்ட்டின் எண் விதியைச் சொல்லுமா?

வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுகளைச் சேர்த்துத் தலை-கழுத்துப் புற்றுநோய் என்கிறார்கள். 2022-ல் உலகில் வாய்ப்புற்று புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 3.9 லட்சம் பேரில் 1.4 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். புகையிலையும் பாக்கும் முதன்மையான காரணங்கள். மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும்.

கடலூர் மாவட்டம் மங்களூர், விருத்தாசலம் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கோ நோயாளியை அழைத்துப் போகும் குடும்பத்தார், பயாப்சி முடிவு வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "பிழைச்சுக்குவாரா டாக்டர்?" ரத்தத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

எதை அளக்கிறார்கள்?

எஸ்.சி.சி. ஆன்டிஜென் என்ற புரதத்தை 1977-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து பிரித்தறிந்தார்கள். வாய்ப்புற்றும் பெரும்பாலும் அதே செதிள் வகைச் செல்களில் தொடங்குவதால், இதிலும் அதை அளந்து பார்க்கிறார்கள். சைஃப்ரா 21-1 என்பது இத்தகைய செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் கெரட்டின் புரதத் துணுக்கு. இவை தவிர, வழக்கமான ரத்த அணுப் பரிசோதனையிலிருந்தே நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் ஆகிய இரு வெள்ளணுக்களின் விகிதத்தையும் கணக்கிடலாம்.

சிகிச்சைக்கு முன்பே இந்த அளவுகள் உயர்ந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் எனப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அறுவைக்குப் பின் இறங்கிய அளவு மறுபடி ஏறிக்கொண்டே போனால், நோய் திரும்பியதா என்று தேடிப் பார்க்க அது ஒரு காரணம்.

ஏன் அதை மட்டும் நம்பக் கூடாது?

சோரியாசிஸ், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றிலும் எஸ்.சி.சி. ஏறும். ரத்த மாதிரியில் எச்சிலோ வியர்வையோ பட்டால்கூட அளவு தவறாகக் கூடிவிடும். வெள்ளணு விகிதத்தை ஒரு சாதாரணக் காய்ச்சலே மாற்றிவிடும். கட்டி சிறியதாக இருந்தால் எல்லா அளவுகளும் இயல்பாகவே இருக்கலாம். நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் போக்கு, உங்கள் வீட்டு ஒருவருக்கு அப்படியே பொருந்தாது.

மூக்கின் பின்பக்கத் தொண்டையில் வரும் புற்று ஒரு விதிவிலக்கு. எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புடைய அந்த நோயில், ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் மரபணுவின் அளவு நோயின் போக்கை நன்றாகவே காட்டுகிறது. ஹாங்காங்கில் அறிகுறி எதுவும் இல்லாத 20,174 ஆண்களை இப்படிச் சோதித்து, 34 பேருக்குப் புற்று இருப்பதைக் கண்டுபிடித்ததாக 2017-ல் அறிவித்தார்கள். ஆனால் நம் நாட்டில் இந்தப் புற்று நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களில்தான் அதிகம்; தமிழ்நாட்டில் அரிது.

முடிவைத் தீர்மானிப்பது எது?

கட்டியின் அளவும் ஆழமும், கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியதா என்பதும்தான். சிகிச்சையும் முடிவை மாற்றும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பநிலை வாய்ப்புற்றுக்கு முதல் அறுவையிலேயே நெறிக்கட்டிகளையும் நீக்கியவர்களில் 3 ஆண்டுக்குப் பின் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். பரவியது தெரிந்தபின் நீக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு.

சீக்கிரம் கண்டுபிடிப்பதும் முடிவை மாற்றும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை.

ஆகவே மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், தீராத குரல் கம்மல், கழுத்தில் கட்டி என எது இருந்தாலும் லேபுக்குப் போய் 'கேன்சர் டெஸ்ட்' எடுத்துக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடமோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடமோ நேராகப் போய்க் காட்டுங்கள். சிகிச்சை நடக்கும்போது மருத்துவர் ரத்த அளவு பார்க்கச் சொன்னால், "போன முறைக்கு இப்போது எப்படி இருக்கிறது, இதை வைத்துச் சிகிச்சையில் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த எண்ணால் பயன் உண்டா என்பது அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும்.