உயிரணுவின் வாயில்கள்

கோட்டைக்கு மதில் உண்டு. மதிலில் வாயிலும் உண்டு. மக்கள் உடலிலுள்ள எண்ணற்ற உயிரணுக்கள் ஒவ்வொன்றையும் இத்தகைய மதில் ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதனைச் சவ்வு என்பர். மதில் என்றதும் அது பருமனானது எனக் கருதலாகாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளின் தடிப்பே அதற்கு உண்டு.

சவ்வின் அடிப்படை கொழுப்பாகும். 1925-ஆம் ஆண்டில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் ஆலந்து நாட்டு அறிஞர் இருவர், குருதிச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பி அளந்தனர். அஃது அவ்வணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு இடத்தை மூடிற்று. ஆதலின், சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக அமைந்துள்ளது எனத் துணிந்தனர். உயிர்வளி இவ்வடுக்கை எளிதில் ஊடுருவும். உப்பும் சர்க்கரையும் ஊடுருவமாட்டா. எண்ணெயில் இட்ட உப்புக் கரையாது கிடத்தலை அடுக்களையிலேயே காணலாம் அன்றோ?

அவை செல்வதற்கென்றே சவ்வினிடையே புரதங்களாலான வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இறைகருவி போன்றது. சோடியம் மூன்றை வெளியேற்றிப் பொட்டாசியம் இரண்டை உள்ளே கொணரும். உறக்கத்திலும் இவ்வேலை ஓய்வதில்லை. அதனால் வெளியே மிகுந்து நிற்கும் சோடியம் எப்பொழுதும் உள்ளே புக முந்துகிறது. சிறுகுடல் அணுக்களின் வாயில் ஒன்று, இவ்வாறு நுழையும் சோடியத்துடன் குளுக்கோசு என்னும் சர்க்கரையையும் சேர்த்தே உள்ளே விடுகிறது. இவ்விரண்டையும் நீர் பின்தொடரும். இவ்விணைப்பை 1960-இல் பிராகா நகரில் கூடிய அறிஞர் அவையில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர் எடுத்துரைத்தார்.

இச்சிறு செய்தியால் விளைந்த பயன் பெரிது. காலரா நஞ்சு, குடலணுக்களில் குளோரைடு வெளியேறும் வாயிலை மூடவொட்டாமல் செய்துவிடும். உப்பும் அதனுடன் நீரும் குடலுள் பெருகி வெளியேறும். வெறும் நீரைப் பருகினால் உடலில் தங்காது. நோயாளி சில மணி நேரத்தில் வற்றி மாய்வதும் உண்டு. குருதிக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றுவதே அந்நாளைய மருத்துவம்.

1971-இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான ஏதிலியர் மேற்கு வங்காளத்திற்கு வந்தனர். எல்லையோர ஊராகிய பன்காவில் காலரா பரவியது. ஏற்றுதற்குரிய உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், குளுக்கோசு, சமையல் உப்பு, சமையற் சோடா மூன்றையும் நீரில் கரைத்துக் குடிக்கத் தந்தார். உறவினரே நோயாளிக்கு அதனைப் புகட்டினர். நஞ்சு பிற வாயில்களைக் கெடுத்த போதிலும், சர்க்கரையும் சோடியமும் இணைந்து நுழையும் வாயிலைக் கெடுக்கவில்லை. நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, கரைசல் பெற்றோரிடையே நான்கிற்கும் கீழே இறங்கிற்று.

இன்று அக்கரைசலுக்கான பொடி பொட்டலங்களில் கிடைக்கிறது. சுவைக்காகச் சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்தல் தீது. வாயிலில் நுழைய முடியாது குடலில் எஞ்சும் சர்க்கரை, அணுக்களிலிருந்து நீரை இழுத்துக் கழிச்சலை மிகுவிக்கும். பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே அதனைக் கரைக்க வேண்டும் என்பது இதனாலேயே.