முள் கடிவாளம் போட்டால் குற்றம்

கொடைக்கானல் ஏரிக்கரையிலோ ஊட்டியிலோ சவாரிக்கு விட இளங்குதிரை ஒன்றைப் பழக்குகிறவருக்கு, அது தலையை உதறத் தொடங்கியதும் கிடைக்கும் முதல் யோசனை: “முள் கடிவாளம் போடுங்கண்ணே, அடங்கிடும்.” போடக் கூடாது. இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-இல் இருந்தே இதைத் தடை செய்கின்றன. முள், குமிழ், துருத்தல் எது இருந்தாலும் ஏறி ஓட்டவோ அடக்கவோ அந்தக் கடிவாளம் ஆகாது என்கிறது 8-ஆம் விதி.

கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள பல்லில்லாத ஈற்றின் மேல்தான் கடிவாளக் கம்பி உட்காருகிறது. மெல்லிய தோல், அடியில் உடனே எலும்பு. போதாததற்கு இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பால்பற்கள் விழுந்து முளைக்கும். சில குதிரைகளுக்கு மேல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பட்டாணி போல ஒரு பல் இருக்கும். கம்பி அதில் இடித்தால் குதிரை துள்ளும். திமிர் என்று நாம் நினைப்பது பல நேரம் பல்வலிதான். ஆகவே கடிவாளம் வாங்கக் கடைக்குப் போகும் முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.

வழவழப்பான எவர்சில்வர் கம்பி, நடுவில் மூட்டு, இருபுறமும் வெறும் வளையம்: இளங்குதிரைக்கு இது போதும். வளையத்துக்குக் கீழே நீளத் தண்டு இறங்கினால் நம் கை இழுப்பு பல மடங்காகிவிடும். கம்பி மெலிந்தால் அறுக்கும். பெருத்தால் சின்ன வாயில் அடங்காது. வாய்க்குக் குறுக்கே கயிறு வைத்து அளந்துகொண்டு போங்கள். மாட்டியபின் உதட்டுக்கு வெளியே இருபுறமும் கால் அங்குலம் தெரிந்தால் சரி. வாங்கும்போது பஞ்சால் கம்பியை உருவிப் பாருங்கள். இழை சிக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சவாரி போகிறவர்கள் இறக்கத்தில் வாரைப் பிடித்துத் தொங்காமல் சேணத்தைப் பிடியுங்கள். ஏறும் முன் குதிரையின் கடைவாயைப் பாருங்கள். புண்ணோ, ரத்தம் கலந்த நுரையோ இருந்தால் ஏறாதீர்கள். படமெடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி முதல் முறை வதைத்தால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். இரண்டு டீ, வடைக் காசு! ஆனால் விலங்கு ஊனமானால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சிகிச்சைக்குக் குதிரைக்காரர்கள் 1962 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். புண் ஆறும்வரை கடிவாளமே வேண்டாம். தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தினால் போதும்.